தண்ணிக்குக் காசு

கடல் என் வீட்டிலிருந்து இருநூற்றி எண்பது அடி.
இருந்தும், மூன்று கட்டை உள்ளே போய்த்
தண்ணீர் அள்ளி வரச் சொல்லி
றஹுமத்தும்பிக்குக் காசு கொடுக்கிறேன்.
கரைத் தண்ணி சரிவராது. மழைக்கு முகத்துவாரம் வெட்டினால்
வயல் சேறு முழுக்க அதற்குள்தான்.
ஆறு நீலக் கேன்களை மணலில் இறக்கிவிட்டு
ஒவ்வொரு முறையும் அதே பகிடி:
"சூரைக்குக் காசு தாறாக, கீரிக்குக் காசு தாறாக,
வெறும் தண்ணிக்குத் தாற ஒரே ஆள் நீதான்கா."

நிந்தவூரில் குளிர்சாதனப் பெட்டி திருத்துவது என் தொழில்.
கழித்துப்போட்ட சோடாக் கூலரின் கம்ப்ரசரை
வெள்ளிக்கிழமைகளாகக் கழற்றிப் பூட்டி,
செம்பு தண்ணீரில் படாமல் குழாய் மாற்றி
தொட்டிக்குச் சில்லர் செய்தேன்.
கச்சான் காற்று தார் ரோட்டை இளக்கும் நாளிலும்
உள்ளே இருபத்தாறு.
எங்கள் படுக்கையறையில் முப்பத்திரண்டு.
இதைப் பர்ஹானா பல தடவை சொல்லியிருக்கிறாள்,
சொந்தக்காரர் முன்னாலும்.

பாசிக்குடாவில் எதையும் உடைக்கவில்லை
என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லவேண்டியிருக்கிறது.
வத்தளையில் ஒருவர் தன் தொட்டியில் வளர்த்து
கத்தரித்துத் தந்த தோல்பவளம்,
கட்டைவிரல் அளவு.
இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
இப்போது என் உள்ளங்கையை மூடும்.

நாலடிக் கண்ணாடி. மேலே சட்டம் இல்லை, மூடி இல்லை.
விளிம்பு எது தண்ணீர் எது என்று
தெரியாத இடத்தில் தண்ணீர் நிற்கும்.
பின்பக்கச் சீப்பின் பல்லிடையால் வழிந்து
கீழ்த்தொட்டிக்கு இறங்கி
பஞ்சு, நுரை, பாசி எல்லாம் தாண்டி
பம்பு தூக்க மறுபடி மேலே.
மணிக்கு மூவாயிரம் லீற்றர்
எங்கும் போகாமல் போய்க்கொண்டிருக்கும்.

நிரப்பிய அன்று பர்ஹானா வாசலிலேயே நின்றாள்.
"கொஞ்சம் இறக்கி நிரப்பேலாதா?"
அழகே அதுதான் என்று நான்
மட்டம், வழிவு, சுழற்சி எல்லாம் விளக்கினேன்,
மடையன் மாதிரி.
அந்த டிசம்பரில் அவளுக்குப் பதினொரு வயது.
பிறகு மூன்று மாதம்
முன்னறையைச் சுவரோரமாகவே கடந்தாள்.

ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்.
தினம் நாலு லீற்றர் நல்ல தண்ணி ஊற்றாவிட்டால்
உள்ளே உப்பு ஏறிக்கொண்டே போகும்.
நான் அக்கரைப்பற்றில் வேலையாய் நின்ற ஒருநாள்
யாரோ ஊற்றியிருந்தார்கள்.
கேட்கவில்லை.

போன ஒக்டோபர், மழை, இரண்டரை மணி.
தோளைப் பிடித்து உலுக்கினாள்.
"சத்தம் நிண்டுட்டு."
என்ன சத்தம்?
"தண்ணிச் சத்தம்கா, எழும்புங்க!"

கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தோடு
எனக்கு முன்னால் ஓடினாள்.
கீழ்த்தொட்டி நிரம்பி
சீமெந்துத் தரையில் கடல் பரவிக்கொண்டிருந்தது.
பம்பு நின்றால் காற்றை இழுத்து
தண்ணீரை அறுக்கவென்று
குழாயில் நான் துளைத்த சின்ன ஓட்டை.
அதன்மேல்தான், வேறு இடமே இல்லாததுபோல,
ஒரு நத்தை வயிற்றை ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வாளி தேடினேன்.
அவள் கையை முழங்கை வரை
அந்த விளிம்பில்லாத தண்ணீருக்குள் விட்டாள்.
களக் என்று ஒரு சத்தம்.
எல்லாம் நின்றது.

விடியும் வரை பற்றரிக் காற்றுக்குமிழியைப் பிடித்தபடி
ஈரத் தரையில் குந்தியிருந்தாள்.
என் சாரனால் துடைத்தாள்.
காய்ந்த இடங்களில் காலையில் வெள்ளை பூத்திருந்தது.
நத்தையைத் தூரமாய் மணலில் வைத்து
அதற்கு ஏதோ ஏசினாள்.

சனிக்கிழமை கேன் இறக்கும்போது
வேலியோரம் வந்து நின்றாள்.
கொட்டுப்பட்டதுக்கும் சேர்த்து ஏழு வேணும் என்றாள்.
றஹுமத்தும்பி பகிடிக்கு வாய் திறந்தான்.
காசை எண்ணிக் கொடுத்தாள்,
நூறு ரூபாய் குறைத்து.